தாய்லாந்தில் தங்கி, பார்க்கிற வேலையை அங்கிருந்தே பார்க்க: டி.டி.வி. விசாவுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். கடிகாரம் ஒன்றரை மணி நேரம்தான் முன்னால் ஓடும். நம் ஊரில் காலை ஒன்பதரைக்கு டீம் கால் என்றால் அங்கே பதினொரு மணி. சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக லேப்டாப்பைத் திறக்கலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் கொஞ்ச காலம் வெளிநாட்டில் வாழ்ந்து பார்க்க ஆசைப்பட்டால், நான் முதலில் தாய்லாந்தைச் சொல்வது இதனால்தான்.

அதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. பெயர் டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா. எல்லோரும் டி.டி.வி. என்பார்கள். 2024 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டு செல்லுபடியாகும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். வயது 20 ஆகியிருக்க வேண்டும்.

நான் இந்த விசாவில்தான் தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகரத்தில் தங்கினேன். வாங்குவதற்குள் ஒரு முறை கூடுதல் ஆவணம் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நண்பர்கள் சிலருடைய விண்ணப்பங்களையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: உங்களை நேரில் பார்க்காத ஓர் அதிகாரி உங்கள் காகிதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்கப் போகிறார். கடிதம் சொல்வதும் வங்கிக் கணக்கு சொல்வதும் பாஸ்போர்ட் சொல்வதும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் வேலை சுலபமாக முடியும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இதற்காகத்தான்.

முதல் படி: இது உங்களுக்கான விசாதானா?

உங்களுக்குச் சம்பளமோ கட்டணமோ தருகிறவர் தாய்லாந்துக்கு வெளியே இருக்க வேண்டும். சென்னைக் கம்பெனியாக இருக்கலாம், அமெரிக்க வாடிக்கையாளராக இருக்கலாம். இந்த விசாவோடு வேலை அனுமதிப் பத்திரம் வராது. அதனால் தாய்லாந்துக் கம்பெனியில் சேர முடியாது, அங்கிருக்கும் கடைக்கு ஒரு வலைத்தளம் செய்து காசு வாங்கவும் கூடாது.

தாய்லாந்துச் சமையல் வகுப்பு, முவே தாய் குத்துச்சண்டைப் பயிற்சி போன்றவற்றுக்குப் போகிறவர்களுக்கும் இதே விசாவில் ஒரு பிரிவு உண்டு. வேலை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த வழியைத் தொடாதீர்கள். உங்களுடைய உண்மையான காரணத்துக்கே ஒரு பிரிவு இருக்கும்போது வேறொன்றைக் காட்டுவது ஏன்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "டி.டி.வி. எடுத்துத் தருகிறோம், அங்கே வேலையும் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகிவிடுங்கள். மேலே சொன்னபடி இந்த விசாவில் தாய்லாந்து வேலை என்பதே கிடையாது. 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய், இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிவிட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் அப்போதே எச்சரிக்கை விட்டது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்தவர்களுக்கு மறக்காது. வேலை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்க வேண்டும், அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நம் விமான நிலைய அதிகாரிகள் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டாலும் எரிச்சல் பட வேண்டாம். அவர்கள் கேட்பது அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான்.

இரண்டாம் படி: கம்பெனிக் கடிதம்

விண்ணப்பத்துக்கு உயிர் இதுதான். இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

முதலில் கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள். சொல்லாமல் போய்விட்டு, இருக்கும் இடத்தை மறைக்க வி.பி.என். போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஊழியர் வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கம்பெனிக்கு வரிச் சிக்கல் வரலாம், வாடிக்கையாளருடன் போட்ட ஒப்பந்தம் தரவை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டிருக்கலாம். லேப்டாப் எந்த நாட்டிலிருந்து இணைகிறது என்பது ஐ.டி. பிரிவுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். மேலாளரிடம் பேசி, அப்புறம் ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்குவதுதான் முறை. ஆண்டுக்கு இத்தனை நாள்தான் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் விதி இருந்தால், அதற்குள் அடங்குகிற மாதிரிப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? கம்பெனியின் முகவரித் தாளில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதவியில், நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா என்பது. மாதச் சம்பளம். அதற்கப்புறம் மிக முக்கியமான இரண்டு வரிகள்: "இவர் தாய்லாந்தில் தங்கி எங்கள் வேலையைத் தொலைவிலிருந்து பார்க்க நாங்கள் அனுமதி அளிக்கிறோம். இவருக்கான சம்பளத்தைத் தாய்லாந்துக்கு வெளியிலிருந்து நாங்களே தருகிறோம்." கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண், கம்பெனி மின்னஞ்சல்.

நான் மாட்டியது இங்கேதான். எனக்கு முதலில் கிடைத்த கடிதம் ஹெச்.ஆர். எல்லோருக்கும் கொடுக்கிற வழக்கமான பணிச் சான்று. இன்னார் எங்களிடம் வேலை பார்க்கிறார் என்று மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து வேலை, தாய்லாந்து என்ற இரண்டு சொற்களும் அதில் எங்குமே இல்லை. அதனால்தான் கூடுதல் ஆவணம் கேட்டார்கள். மேலே சொன்ன இரண்டு வரிகளைச் சேர்த்து வாங்கி அனுப்பியதும் விஷயம் நகர்ந்தது.

கடிதத்தோடு பணி ஒப்பந்தம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இருந்தால் படிவம் 16 எல்லாவற்றையும் வையுங்கள். சம்பளச் சீட்டில் கடைசியாக நிற்கும் தொகையும் வங்கி ஸ்டேட்மென்டில் அதே மாதம் விழுந்த தொகையும் ரூபாய் மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பென்சில் வைத்து டிக் அடித்துப் பாருங்கள். நான் ஒவ்வொரு நண்பருடைய காகிதத்திலும் இதைச் செய்கிறேன்.

ஃப்ரீலான்சர்களுக்குக் கடிதம் தர ஹெச்.ஆர். கிடையாது. அவர்கள் வாடிக்கையாளருடன் போட்ட ஒப்பந்தம், ஆறு மாத இன்வாய்ஸ்கள், அந்த இன்வாய்ஸ்களுக்கு வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்று, செய்த வேலைகளின் தொகுப்பு ஆகியவற்றைத் தரலாம். வாடிக்கையாளரில் ஒருவராவது "இவர் எங்களுக்குத் தொடர்ந்து செய்து தருகிறார்" என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் மதிப்பு கூடும். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: 5 லட்சம் பாட்

உங்கள் பெயரில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். நாணய விலை ஏறி இறங்கும், அதனால் 15 லட்சத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. இது பெரிய தொகைதான். கட்டணமாகக் கொடுக்கிற பணம் இல்லை, உங்கள் கணக்கிலேயே இருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போதிலிருந்து என்பதையும் பார்ப்பார்கள். கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் பொதுவாகப் போதும். ஆறு மாதம் கேட்கும் தூதரகமும் உண்டு. ஒரு ஸ்டேட்மென்டைக் கற்பனை செய்து பாருங்கள்: மாதா மாதம் இருப்பு 80,000, 95,000, 70,000 என்று ஓடுகிறது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் மாமாவோ நண்பரோ போட்ட 14 லட்சம் ஒரே வரியில் வந்து உட்காருகிறது. யார் பார்த்தாலும் அது கைமாற்று என்று தெரிந்துவிடும். அப்படி வந்த பணம் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தால், நிலம் விற்றது, வைப்புநிதி முதிர்ந்தது என்பதற்கான காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். மற்றபடி மூன்று மாதம் பொறுத்துவிட்டு விண்ணப்பிப்பதே மேல். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், நகை என்று இருப்பவர்கள் தேவையான அளவைச் சேமிப்புக் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்டை வங்கிக் கிளையில் முத்திரை, கையெழுத்தோடு வாங்குங்கள்.

இவ்வளவு சேமிப்பு இல்லை, ஆனால் மாத வருமானம் நன்றாக இருக்கிறது என்பவர்கள், தொலைவிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மலேசியா தரும் டி.இ. ரந்தாவ் அனுமதியைப் பாருங்கள். 2022-இல் வந்தது. சேமிப்பைக் கேட்காமல் வருமானத்தைக் கேட்கிறார்கள்: ஐ.டி. துறையினருக்கு ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர், மற்ற துறையினருக்கு 60,000. மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தருவார்கள், இன்னும் ஓராண்டு புதுப்பிக்கலாம். காதில் தமிழ் விழுந்துகொண்டே இருக்கும் ஊர் என்பதால் முதல் முறை வெளியே போகிறவர்களுக்கு அதுவும் நல்ல இடம்.

நான்காம் படி: பாஸ்போர்ட்டும் இனிஷியலும்

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. பாஸ்போர்ட்டில் "முத்துக்குமார் ராமசாமி". வங்கியில் "ஆர். முத்துக்குமார்". சம்பளச் சீட்டில் "முத்துக்குமார் ஆர்". நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்ததும் புரியும். தாய்லாந்து அதிகாரிக்கு மூன்று பேர். அந்த "ஆர்" அப்பாவின் பெயருடைய முதலெழுத்து என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நேரம் இருந்தால் வங்கியிலும் கம்பெனியிலும் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரித்து எழுதச் சொல்லுங்கள். வங்கியில் ஒரு விண்ணப்பமும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்தால் போதும். நேரம் இல்லையென்றால் மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துச் சேருங்கள்.

பாஸ்போர்ட்டில் இன்னும் இரண்டைப் பாருங்கள். செல்லுபடிக் காலம் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். ஐந்தாண்டு விசாவை முடியப்போகிற பாஸ்போர்ட்டில் வாங்குவது வீண் அலைச்சல். அப்புறம் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கிறதா என்று. வேலைக்காகப் போகிறவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால் சான்றிதழைக் காட்டி அந்தக் குறிப்பை நீக்கிய பாஸ்போர்ட்டை வாங்கிவிடலாம்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு இந்த விசாவைக் கேட்க முடியாது. இந்தியாவிலிருந்து 2025 ஜனவரி முதல் எல்லாமே இணையவழி: தாய்ஈவிசா டாட் ஜிஓ டாட் டிஎச் (thaievisa.go.th). அந்த ஒரு தளம்தான். அதே மாதிரிப் பெயரில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கணக்கு தொடங்கி, இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் தூதரகத்துக்குப் போகும் என்பதைத் தளமே காட்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம். இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பிலுள்ள தூதரகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பதற்கும் சான்று கேட்பார்கள். ஆதாரோ மின்கட்டண ரசீதோ போதும். பாஸ்போர்ட் முகவரி மதுரை, இப்போது இருப்பது பெங்களூரு என்றால் வாடகை ஒப்பந்தத்தையும் சேருங்கள்.

மற்றவை பாஸ்போர்ட்டின் தகவல் பக்கம், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், மேலே தயார் செய்த கடிதமும் ஸ்டேட்மென்டும், தங்கப்போகும் இடத்தின் முகவரி. ஸ்கேன் நேராக, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். போனில் எடுத்த நிழல் விழுந்த படங்களை நான் எத்தனையோ முறை திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் இன்னொன்றும் செய்வேன். ஒரு பக்கத்தில் முகப்புக் கடிதம் எழுதி மேலே வைப்பேன். நான் யார், என்ன வேலை, யார் சம்பளம் தருகிறார்கள், எங்கே எத்தனை மாதம் தங்கப்போகிறேன், எந்த ஆவணம் எதைக் காட்டுகிறது. யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்க்கிற அதிகாரிக்கு அது நாம் செய்கிற உதவி.

கட்டணம் 10,000 பாட். தூதரகம் உள்ளூர் நாணயத்தில் வாங்கும்போது தொகை கொஞ்சம் மாறும். மறுத்தாலும் பணம் திரும்பி வராது. கட்டணம் சேர்ந்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை விமான டிக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் பதறவும் வேண்டாம், கேட்டதை மட்டும் தெளிவாக அனுப்புங்கள். ஏப்ரல் நடுவில் மட்டும் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில்தான் அவர்களுக்குச் சொங்க்ரான் புத்தாண்டு, 13 முதல் 15 வரை விடுமுறை.

மனைவி அல்லது கணவர், 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கூட வரலாம். ஆளுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். மண்டபத்தில் கல்யாணம் முடித்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பத்திரிகையும் புகைப்படமும் செல்லாது.

ஆறாம் படி: கிளம்பும் வாரமும் இறங்கும் நாளும்

விசா மின்னஞ்சலில் வரும், அச்சிட்டுக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டி.டி.ஏ.சி. என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம். முற்றிலும் இலவசம், காசு கேட்டால் அது போலித் தளம்.

பாங்காக் கவுண்டரில் பாஸ்போர்ட்டோடு விசாத் தாளையும் சேர்த்து நீட்டுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சுற்றுலாப் பயணி என்று நினைத்துக் குறைந்த நாளுக்கு முத்திரை குத்திவிட வாய்ப்பு உண்டு. முத்திரையில் உள்ள தேதியைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள். அங்கேயே சொன்னால் ஒரு நிமிடத்தில் திருத்துவார்கள், வெளியே வந்துவிட்டால் பெரும்பாடு.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி, "டி.எம். 30 பதிவு செய்து தருவீர்களா?" வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதன் ரசீது இல்லாமல் அங்கே பிற வேலை எதற்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். இழுத்தடிக்கிற வீட்டுக்காரர் என்றால் வேறு வீடு பாருங்கள். முன்பணம் பொதுவாக இரண்டு மாதம், அதோடு முதல் மாத வாடகை. மின்சாரம் யூனிட் என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். சியாங் மாய்க்குப் போகிறவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்த்துவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் காட்டையும் வயலையும் எரிக்கும் புகை ஊர் மேல் கவிந்து நிற்கும், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போனால் போதும்: "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கடையில் மீன்சாறு இருக்காது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஸ்கூட்டர் ஓட்ட எண்ணம் இருந்தால் நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இருசக்கர வாகனம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

ஏழாம் படி: 90, 180, அப்புறம் வரி

தொடர்ந்து 90 நாள் தங்கினால் டி.எம். 47 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு 15 நாள் முன்னாலிருந்து 7 நாள் பின்வரை செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். நடுவில் நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

180 நாள் முடியும்போது குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வழி உண்டு. ஆனால் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறுவதால், ஊருக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போவதே சுலபம். புதிதாக 180 நாள் கிடைக்கும். முத்திரைத் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. பணத்தைவிட, அந்தப் பதிவு அடுத்த விசாவுக்குக் குறுக்கே நிற்கும் என்பதுதான் கவலை.

வரியை யாரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள் தங்கினால் நீங்கள் தாய்லாந்தின் வரிக் கணக்கில் குடியிருப்பவர். அப்படி ஆனால், 2024 முதல் வெளிநாட்டில் சம்பாதித்ததில் தாய்லாந்துக்குள் கொண்டுவரும் பணத்துக்கு அங்கே வரிப் பொறுப்பு உண்டு. இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இங்கே கட்டியதைக் காட்டிக் கழிக்கலாம், ஆனால் அதற்குக் கணக்கும் காகிதமும் வேண்டும். தாய்லாந்து எண்ணுவது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியா எண்ணுவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாள். இரண்டு காலண்டரும் பொருந்தாததால் எந்த நாட்டில் எந்த ஆண்டு நீங்கள் குடியிருப்பவர் என்பது குழம்பிவிடும். கிளம்பும் முன்பே ஆடிட்டரைப் பார்த்து, வங்கிக் கணக்கை மாற்ற வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நான் ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, முத்திரை சொல்லும் கடைசித் தேதி, அந்தக் காலண்டர் ஆண்டில் இதுவரை எத்தனை நாள் என்று நான்கு பத்தி போட்டு வைத்திருக்கிறேன். கூடவே விமான அனுமதிச் சீட்டுகளையும் செருகி வைப்பேன். ஆடிட்டர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான்.